ஹெரால்டா, ஸ்பிட்ஃபயரா: வாங்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

ட்ரையம்ஃப் ஹெரால்டு குடும்பத்தோடு போக ஒரு சலூன். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டே பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். வெளியே நின்று பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பானட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று புரியும். முன் சஸ்பென்ஷன் ஒன்று, ஸ்டீயரிங் ராக் ஒன்று, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வம்சம். பின்னால் கிரவுன் ஹவுசிங்கும் (இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), அதன் தலையில் குறுக்கே உட்கார்ந்திருக்கும் பட்டை ஸ்பிரிங்கும் ஒன்று. ஹெரால்டின் வீல்பேஸ் 91.5 அங்குலம். அதை 83 அங்குலமாகக் குறுக்கி, வேறு உடம்பை ஏற்றியதுதான் ஸ்பிட்ஃபயர்.

அதனால் ஹெரால்டு வேலை தெரிந்த மெக்கானிக் ஸ்பிட்ஃபயரையும் பார்த்துவிடுவார் என்று சொல்வதுண்டு. இன்ஜின், கியர், பிரேக் வரைக்கும் அது சரி. உடம்பு வேலைக்கு அது சரியே இல்லை. பழைய ஸ்பிட்ஃபயர்களைக் கெடுத்தது பெரும்பாலும் ஹெரால்டு மாதிரியே நினைத்து வெட்டி ஒட்டியதுதான்.

ஹெரால்டு ஏன் இப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1950களில் சேஸி என்ற தனி அடிச்சட்டம் இல்லாமல் உடம்பையே ஒரே கூடாகச் செய்யும் முறைக்கு எல்லாக் கம்பெனிகளும் மாறிக்கொண்டிருந்தன. இந்த இரண்டு கார்களையும் செய்த இங்கிலாந்துக் கம்பெனி ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு உடம்பு அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழுக்கூட்டை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாமல் போக, தனி சேஸி, அதன் மேல் வெவ்வேறு இடங்களில் அடித்து வாங்கிய துண்டுகளை போல்ட் போட்டு மாட்டுவது என்று முடிவு செய்தார்கள். வடிவம் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலாட்டி. 1959இல் வெளிவந்தது. துண்டு துண்டாக வந்ததைப் பெட்டியில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவது சுலபம். 1961இலிருந்து சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஓடத் தொடங்கியதற்கு இந்த அமைப்பு பெரிய வசதி. ஸ்பிட்ஃபயரையும் வரைந்தவர் மிக்கெலாட்டிதான். காசில்லாமல் கிடப்பில் போட்டு, கவென்ட்ரி தொழிற்சாலையின் மூலையில் போர்வை மூடிக் கிடந்த மாதிரி வண்டியை, கம்பெனியை வாங்கிய லேலண்ட்காரர்கள் பார்த்து உயிர் கொடுத்தார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஹெரால்டின் சேஸியில் நடுவே இரண்டு பெரிய தண்டுகள் ஓடும். அவற்றிலிருந்து இரு பக்கமும் கைகள் நீண்டு, கதவுக்குக் கீழே ஓடும் பக்கத் தண்டுகளைப் பிடித்திருக்கும். பாரம் முழுக்க இதன் மேல். கதவுக்கு அடியில் தெரியும் சில் தகடு வெறும் அலங்காரம், போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். கூரையையும் கழற்றலாம். முன்பாதியும் பின்பாதியும் முன்சீட்டுக்குப் பின்னால் போல்ட்டில் சேர்கின்றன. ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கத் தண்டுகளே கிடையாது. நடு முதுகெலும்பு மட்டும்தான். பக்கத் தண்டு செய்த வேலையை, உடம்போடு வெல்டிங் ஆன சில் பெட்டிகள் செய்கின்றன. கூரையும் இல்லாத வண்டி என்பதால் சில் போனால் தாங்க வேறு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பின்சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் இழுத்துப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம், ஹெரால்டில் சேஸியில் மாட்டியிருக்கும். ஸ்பிட்ஃபயரில் அதன் முன்முனை சீட்டுக்குப் பின்னால் உள்ள உடம்புத் தகட்டில் மாட்டியிருக்கும். அந்தத் தகடு துருப்பிடித்து மெலிந்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் பின்சக்கரம் திரும்பும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தும் வண்டி தானாக அலைகிறது என்று டயரையும் ராக்கையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும். கார்பெட்டைத் தூக்கி, பிராக்கெட்டைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்னும். பட்டி அடைத்த இடம் மரத்தைத் தட்டியது போல மொத்தையாகக் கேட்கும்.

ஸ்பிட்ஃபயரின் சில் எப்படி என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கதவின் பின்விளிம்புக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலே ஒரு இடத்தில், கீழே ஒரு இடத்தில் அளந்து பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்க சேஸியில் ஜாக்கி வைத்து சக்கரம் தரையை விடும்வரை தூக்குங்கள். மறுபடி அளந்தால் மயிரிழை அசைவு இருக்கலாம், தவறில்லை. மேலே இடைவெளி விரிந்தோ சுருங்கியோ கண்ணுக்கே தெரிந்தால், அல்லது கதவைத் திறந்து மூடும்போது கொக்கி தட்டினால், சில் பெட்டி உள்ளே கரைந்துவிட்டது. வெளித்தகடு புதுசாகப் பளபளத்தாலும் நம்ப வேண்டாம். வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே முட்டுத் தகடு ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு வெளியே மட்டும் ஒட்டியிருந்தால் பலம் பாதிகூட வராது.

சில் மாற்றும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒரே தவறுதான்: கதவைக் கழற்றிவிட்டு, குறுக்கே எதுவும் கொடுக்காமல் பழைய சில்லை அறுப்பது. அறுத்த அந்த நொடியில் உடம்பு நடுவில் தொய்கிறது. தொய்ந்த நிலையிலேயே புது சில்லை வெல்டிங் செய்துவிட்டால் அதற்குப் பிறகு கதவு என்றைக்கும் பொருந்தாது. சரியான வழி: உடம்பைச் சேஸியிலிருந்து கழற்றாமல் வண்டியைச் சக்கரத்திலேயே நிற்கவையுங்கள். கீலுள்ள தூணுக்கும் கொக்கியுள்ள தூணுக்கும் நடுவே ஒரு அங்குலச் சதுரக் குழாயை மேலும் கீழும் வெல்டிங் செய்யுங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். வெல்டிங் வைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். நேரம் பிடிக்கும், டிங்கர் முணுமுணுப்பார். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஹெரால்டில் இந்தப் பயம் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது சேஸி. பக்கத்துக் கைகளின் நுனி, டிக்கிக்கு அடியில் போகும் தண்டு, பின்சக்கரத்தின் சேறு தெறிக்கும் இடம் ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் போதும். இவற்றை மாற்றுவதும் கஷ்டமில்லை, ஒவ்வொரு கையையும் தனியாகச் செய்து ஒட்டலாம். ஆனால் நடுத்தண்டுகள் கிரவுன் ஹவுசிங் பக்கத்தில் துளை விட்டிருந்தால் வேறு சேஸி தேடுவதே மேல். கதவு இடைவெளி சரியில்லை என்றால் ஹெரால்டில் உடனே பதற வேண்டாம். உடம்புக்கும் சேஸிக்கும் நடுவே ரப்பர் பேடுகள் உண்டு, அவை நசுங்கினாலே கதவு இறங்கிவிடும்.

அடுத்தது இரண்டுக்கும் பொதுவான விஷயம், என்னைக் கேட்டால் இந்தக் கார்களில் மிக முக்கியமானது: முன்சக்கரத்தின் ட்ரன்னியன். இப்போதைய கார்களில் கீழே பால் ஜாயின்ட் இருக்கும். இவற்றில் அதற்குப் பதில் ஒரு பித்தளைக் கட்டி. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டி, அந்தக் கட்டிக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். கம்பெனிப் புத்தகம் 6,000 மைலுக்கு ஒருமுறை என்கிறது. நம் மழையிலும் தூசியிலும் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போடுவது நல்லது.

கிரீஸ் அடித்தால் என்ன ஆகும்? புதிதாக அடிக்கும்போது ஒன்றும் ஆகாது. நாளாக நாளாக அது காய்ந்து மரையின் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆயில் அடித்தாலும் கீழ்வரை போகாது. கீழே தண்ணீர் நிற்கும், இரும்புத் தண்டு மரைப் பகுதியில் துருவேறி மெலியும். ஒருநாள் மெதுவாகப் போய் முழு வளைவு திருப்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடியும். பெரும்பாலும் பார்க்கிங்கில்தான் நடக்கும், ஏனென்றால் திருகும் விசை அங்கேதான் அதிகம். நெடுஞ்சாலையிலும் நடந்துவிடலாம். கிரீஸ் கன்னில் 90 ஆயிலை ஊற்றி, ட்ரன்னியனில் உள்ள பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், பாரம் இருந்தால் மரையின் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு ஆயில் ஏறாது. அடித்துக்கொண்டே இன்னொருவரை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். கட்டியின் மேல்விளிம்பில் ரப்பர் வளையத்துக்கு அருகே முதலில் கறுப்பாக, பிறகு தேன் நிறத்தில் ஆயில் கசியும். தேன் நிறம் வந்தால் நிறுத்தலாம். எவ்வளவு அடித்தும் மேலே வராவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். மாற்றும்போது நினைவிருக்கட்டும், ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை.

பின்பக்கம் வருவோம். இரு கார்களிலும் பின்சக்கரத் தண்டு கிரவுன் ஹவுசிங்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கிராஸில் (எந்தப் பக்கமும் மடங்கும் மூட்டு) மடங்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது நிமிர்ந்தபடி போகாமல், கதவு ஆடுவது போல வட்டத்தில் ஆடும். வேகமாக வளைவில் போய் பயந்து சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் அடிப்பாகம் உள்ளே மடங்கி, டயரின் ஓரத்தில் நிற்கும். பிடிப்பு போய் வால் சுழலும். ஹெரால்டில் இது அரிது, ஏனென்றால் அந்த வேகத்துக்கு அது போவதே இல்லை. ஸ்பிட்ஃபயரில் நடக்கும். 1970இல் வந்த மார்க் 4இல் இதற்கு வைத்தியம் செய்தார்கள்: ஸ்பிரிங்கின் ஒரு பட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்றப் பட்டைகளை நடுவில் சுழலவிட்டார்கள். இதனால் பின்பக்கத்தின் சாய்வுத் தடை குறைந்தது, முன்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் கொடுத்து அதைச் சமன் செய்தார்கள். இந்தியாவில் வேறு வழியில் போனார்கள். இங்கே உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஆடும் தண்டு பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கஸலில் அதை எடுத்துவிட்டு, சாதாரண முழு ஆக்ஸிலையே போட்டுவிட்டார்கள்.

ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் தவறு செய்யும் இடம் இரண்டு. ‘பலமாக இருக்கட்டும்’ என்று பட்டை கூட்டிக் கட்டுவது முதல் தவறு. பின்பக்கம் உயரும், சக்கரங்களின் அடி எப்போதும் உள்ளே மடங்கியே நிற்கும், மேலே சொன்ன ஆபத்து பத்து மடங்காகும். காலி வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராகவோ தலை லேசாக உள்ளே சாய்ந்தோ இருக்க வேண்டும். இரண்டாவது, ஸ்பிரிங் முனை போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்குவது. அப்படி இறுக்கினால் வண்டி தரையில் உட்காரும்போது புஷ் முறுகி, சில மாதங்களில் கிழிந்துபோகும். சக்கரம் தரையில் நின்று, இருவர் உட்கார்ந்த பாரத்தில்தான் கடைசி இறுக்கு. பின் ஹப் பேரிங் மாற்ற வேண்டியிருந்தால் சரியான புல்லர் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஹப் டேப்பரில் இறுகியிருக்கும், சுத்தியலால் அடித்தால் வளையும். உள்ளே உள்ள ஊசி பேரிங் நேராகத் தண்டின் மேலேயே ஓடுவதால், பேரிங் தேய்ந்தால் தண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

டயர் காற்றும் இந்தச் சங்கதியோடு சேர்ந்ததே. பின்னால் முன்னைவிட அதிகம் இருக்க வேண்டும். 1500 ஸ்பிட்ஃபயருக்கு முன்னால் 21 பவுண்டு, பின்னால் 26. நான்குக்கும் 30 என்று பெட்ரோல் பங்கில் அடித்துவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும்.

இன்ஜின்: சென்னை ஹெரால்டு கடைசிவரை 948 சிசி, சுமார் 35 குதிரைசக்தி, ஒரே சோலெக்ஸ் கார்புரேட்டர். முதல் ஸ்பிட்ஃபயர் 1147 சிசி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், 63 குதிரைசக்தி. ஹெரால்டு சுமார் 800 கிலோ, ஸ்பிட்ஃபயர் 710. ஹெரால்டு மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொடுவதற்கே திணறும், ஸ்பிட்ஃபயர் 148 வரை போகும். 1967இல் வந்த மார்க் 3இல் 1296 சிசி, 75 குதிரைசக்தி. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த இன்ஜின் அதுதான். 1974இலிருந்து வந்த 1493 சிசியில் ஸ்ட்ரோக்கை 76 மில்லிமீட்டரிலிருந்து 87.5 ஆக்கினார்கள். இழுவை நன்றாக இருக்கும், ஆனால் உயர் சுற்றில் நெடுநேரம் ஓட்டினால் பிக் எண்ட் பேரிங் தாங்காது. இந்த 1500 வாங்குவதானால் ஓவர்டிரைவ் (டாப் கியருக்கும் மேலே ஒரு கூடுதல் கியர் போல) உள்ளதாகப் பாருங்கள், நெடுஞ்சாலையில் சுற்று குறையும். ஸ்பிட்ஃபயருக்கு அது 1963இலிருந்து கூடுதல் விலைக்குக் கிடைத்தது. ஹெரால்டுக்குக் கம்பெனி கொடுத்ததே இல்லை.

எந்த இன்ஜினாக இருந்தாலும் காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட, நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியையே பாருங்கள். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. சின்ன இன்ஜின்களுக்கு 4 முதல் 8 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை ஆட்டம் சரி. சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் பின்பக்க வாஷரைத் தின்றுவிடும். இப்போதே கவனித்தால் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பை இறக்கி, பின் மெயின் பேரிங் கேப்பைக் கழற்றி, அரைவட்ட வாஷர்களைச் சுழற்றி வெளியே எடுத்துப் புதிது போட்டுவிடலாம், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. வரிப்பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் வாஷர் சம்ப்பில் விழும், கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும், பிறகு இன்ஜினே இல்லை. ஸ்பிட்ஃபயரில் ஆயில் ஃபில்டர் படுத்தவாக்கில் இருப்பதால், இரவில் ஆயில் வடிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி ‘கடகட’ என்று தட்டும். திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டரைப் போட்டால் நின்றுவிடும்.

இரட்டை எஸ்யூவைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. இன்ஜின் சூடானதும் இரண்டையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்து, உறிஞ்சும் ஓசை இரண்டிலும் ஒன்றாகும்வரை ஸ்லோ ஸ்க்ரூவைத் திருப்புங்கள். அடுத்தது கலவை. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். சுற்று ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணைந்தால் குறைவு, லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட் நட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும், ஏற்றினால் குறையும். இவ்வளவு செய்தும் ஸ்லோ நிற்காவிட்டால் த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று நுழைகிறது என்று அர்த்தம். புஷ் போட லேத்துக்குத்தான் போக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு இரு கார்களிலும் பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்கள் உள்ளுக்குள் உதிர்கின்றன. வாங்கிய வாரத்திலேயே எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் ஸ்பிட்ஃபயர் தெளிவாக மேல், முன்னால் டிஸ்க். சென்னை ஹெரால்டு நான்கும் டிரம், சரியாக அட்ஜஸ்ட் செய்திருந்தால் அதன் வேகத்துக்குப் போதும், மலையிறக்கத்தில் போதாது. ஊருக்குள் இரண்டுமே சுகம். ஹெரால்டு 25 அடிக்குள் முழு வட்டம் திரும்பும், சின்னத் தெருவில் ஒரே வீச்சில் வண்டியைத் திருப்பலாம்.

எதை வாங்கலாம்? முதல் பழைய கார் என்றால், தயக்கமில்லாமல் ஹெரால்டு. அதில் நீங்கள் செய்யும் எந்தத் தவறையும் போல்ட்டைக் கழற்றித் திருத்தலாம். கூட நான்கு பேர் வரலாம், 1960களின் பிற்பகுதியில் இங்கே வந்த நான்கு கதவு மாடல் இன்னும் வசதி. ஸ்பிட்ஃபயர் வேண்டும் என்றால் சில் நன்றாக உள்ள, இன்ஜின் கெட்டுப்போன வண்டியை வாங்குங்கள். இன்ஜின் ஓசை இனிமையாக இருந்து சில் கரைந்த வண்டி வேண்டாம். விற்பவர்கள் எப்போதும் முதலில் இன்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவு அடியில் பெரிய அட்டையை விரித்து நிறுத்துங்கள். காலையில் சொட்டுகளைப் பாருங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே விழுந்தது கிராங்கின் பின் சீல், சிறு சொட்டு என்றால் இந்த இன்ஜின்களுக்கு அது இயல்பு. கிரவுனின் மூக்குக்குக் கீழே விழுந்தது பினியன் சீல். சக்கரத்தின் உள்பக்கம் மெல்லிய, தண்ணீர் போன்ற, பெயின்ட்டை உரிக்கும் சொட்டு என்றால் அது பிரேக் ஆயில், வண்டியை நகர்த்தக் கூடாது. முன்சக்கரத்துக்கு உள்ளே கெட்டியாக, கந்தக வாடையோடு ஒரு சொட்டு கிடந்தால் அது ட்ரன்னியனிலிருந்து வந்த 90 ஆயில். அந்தச் சொட்டு இருந்தால், முன்பு வைத்திருந்தவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்துகொள்ளலாம்.